கூடைப்பந்துக் களம்

உடலை ஓம்புதலும் உள்ளத்தைப் பண்படுத்துதலும் கல்வியின் இரு பயன்களாகும். ஏடு அறிவைப் பெருக்கும். ஆடுகளம் அவ்வறிவை ஒழுக்கமாக மாற்றும். இவ்வுண்மையை இளமையிலேயே உணர்ந்தோர் பலர். யானோ முதுமையில் உணர்ந்தேன். அதுவும் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியிடமிருந்து கற்றுணர்ந்தேன். அவ்வரலாற்றை உங்களுக்குக் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ளது வேங்கிக்கால். ஏரியும் வயலுமாக இருந்த அவ்வூர், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த பின்னர், வீடுகள் மலிந்த பேரூராய் வளர்ந்துவிட்டது. எத்தெருவில் நின்று நோக்கினும் அண்ணாமலை தோன்றும். அவ்வூரில்தான் யான் வாழ்கின்றேன். என் வீட்டிற்கு அணித்தே ஒரு வெற்றிடம் உண்டு. ஊர் இளைஞர் சிலர் அங்கே இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் ஒரு பலகையையும் வளையத்தையும் பொருத்தியிருந்தனர். மாலைதோறும் பந்து தரையில் மோதும் ஓசை என் செவியில் விழும். நூல் படிப்பதற்கு அஃது இடையூறு என்று பன்முறை சினந்திருக்கின்றேன்.

அக்களத்தில் ஆடுவோருள் ஒருத்தி, யான் ஆசிரியனாயிருந்த பள்ளியிலே மேல்நிலை வகுப்பில் பயின்றாள். அவள் தந்தையார் மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். சொல்லில் சுருக்கமும் செயலில் நேர்மையும் உடையவர். அவ்வாண்டு மாவட்ட அளவில் நடந்த கூடைப்பந்துப் போட்டியில் அவள் அணியே முதலிடம் பெற்றது. மாவட்டத்தை வென்ற அணி, மாநிலப் போட்டியில் ஆடுதற்கு உரிமை பெறும். போட்டி நடைபெறும் ஊர் தொலைவில் இருந்தது. மூன்று இரவுகள் அங்கே தங்குதல் வேண்டும். தந்தையார் முடிவு செய்ய இயலாமல் என்னிடம் வந்தார்.

“ஐயா, தாங்கள் சொல்வதே முடிவு. அனுப்பலாமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

“பொதுத்தேர்வு நெருங்குகின்றது. பெண் பிள்ளை வெளியூரில் தங்குதலும் நன்றன்று. மாவட்டத்தில் வென்றாளே, அதுவே போதும்” என்றேன் யான்.

அவர் மறுமொழி கூறாமல் வணங்கிச் சென்றார். மாணவியும் போட்டிக்குச் செல்லவில்லை. ஏனையோர் சென்று, முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினர்.

அடுத்த திங்களில் ஒரு நாள், வகுப்பில் சிலப்பதிகாரத்தைப் பற்றி விரித்துரைத்துக் கொண்டிருந்தேன். அந்நூலின் வஞ்சிக் காண்டத்தில், வாழ்த்துக் காதையுள், ‘கந்துக வரி’ என்றொரு பகுதி உண்டு. கந்துகம் என்பது பந்து. மகளிர் பந்தடித்து விளையாடுங்கால் பாடும் வரிப்பாட்டு அது. பண்டைத் தமிழ் மகளிர் பந்தாடலில் வல்லவர் என்பதற்கு அதனைச் சான்று காட்டினேன். பின்னர் அப்பகுதியை உரக்கப் படிக்குமாறு அம்மாணவியையே பணித்தேன். அவள் எழுந்தாள், ஓரிடத்தும் தடுமாறாமல் படித்தாள், அமர்ந்தாள். ஒரு சொல்லும் கூறினாளில்லை. அவள் கூறாமல் விட்ட சொல்லே என் நெஞ்சைச் சுட்டது. ஏட்டில் ஆடிய மகளிரைப் போற்றிய யான், எதிரில் இருந்த மகளைத் தடுத்தேன் அன்றோ?

அன்றுமுதல் அவ்விளையாட்டைப் பற்றி அறிந்துகொள்ள முற்பட்டேன். கேட்டும் படித்தும் யான் அறிந்தவற்றை இனிக் கூறுவேன்.

கூடைப்பந்து அமெரிக்க நாட்டில் தோன்றியது. அந்நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்பது ஓர் ஊர். அங்கே கிறித்தவ இளைஞர் சங்கத்தினர் நடத்திய பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் ஆசிரியராய் இருந்தார். அவர் கனடா நாட்டிலே 1861-ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினரால் வளர்க்கப்பட்டவர். குளிர்காலத்தில் வெளியே பனி மூடிக் கிடக்கும். மாணவர் கூடத்துக்குள் அடைபட்டு வெறும் உடற்பயிற்சியால் சலிப்புற்றனர். கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை வகுக்குமாறு அப்பள்ளியின் உடற்கல்வித் துறைத் தலைவர் நெய்ஸ்மித்தைப் பணித்தார்.

நெய்ஸ்மித் முதலில் சிந்தித்தது ஒன்றே. பந்தாட்டங்களில் காயமும் கலகமும் ஏன் விளைகின்றன? பந்தைக் கையில் ஏந்தி ஒருவன் ஓடுகின்றான். அவனை வீழ்த்திப் பறிக்கப் பிறர் பாய்கின்றனர். ஆகவே, பந்தை ஏந்தி ஓடலாகாது என்று விதித்தார். இலக்கு தரையில் இருப்பின் வலியோன் பந்தை வேகமாய் அடித்துப் புகுத்துவான். ஆகவே, இலக்கைத் தலைக்கு மேலே வைத்தார். உயரத்தில் உள்ள இலக்கிற்கு வேகம் பயன்படாது. கண்ணும் கையும் ஒத்த மென்மையான எறியே வேண்டும். வன்மையை விலக்கித் திறமைக்கு இடம் தந்தமையே இவ்வாட்டத்தின் அடிப்படையாகும்.

பள்ளிப் பணியாளர் கொணர்ந்த பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அவர் பொருத்தினார். அம்மாடம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அந்தப் 10 அடியே, அதாவது 3.05 மீட்டரே, இன்றும் வளையத்தின் உயரமாக உலகெங்கும் நிலைத்துள்ளது. 13 விதிகளை எழுதி ஒட்டினார். 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அணிக்கு ஒன்பதின்மராகப் பதினெண்மர் ஆடிய முதல் ஆட்டத்தில், ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது. கூடைக்கு அடிப்பகுதி இருந்தமையால், விழுந்த பந்தை ஏணி வைத்து எடுத்தனர்! பின்னர்க் கூடை நீங்கி, இரும்பு வளையமும் அடி திறந்த வலையும் வந்தன. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து இடம் பெற்றபோது, நெய்ஸ்மித் அதனைத் தம் கண்ணாற் கண்டு களித்தார். மகளிர் கூடைப்பந்து 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பெற்றது.

இவ்வாட்டம் நம் நாட்டில் பரவியதற்கும் கிறித்தவ இளைஞர் சங்கமே பெருங்காரணம். ஹாரி குரோ பக் என்னும் பெரியார் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நிறுவினார். நந்தனத்தில் இன்றும் விளங்கும் அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள், தாம் பணிபுரிந்த ஊர்களிலெல்லாம் பல்வகை ஆட்டங்களைப் பரப்பினர். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950-ஆம் ஆண்டில் அமைந்தது. வேங்கிக்கால் வெற்றிடத்து இரும்புக் கம்பம்வரை வந்து சேர்ந்தது அவ்வழியின் ஒரு கிளையே எனலாம்.

இக்காலத்து ஆட்ட முறையையும் சிறிது அறிதல் நன்று. ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. அணிக்கு ஐவர் களத்தில் நிற்பர். ஏனையோர் மாற்றாட்டக்காரராய் வெளியில் காத்திருப்பர். ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறும். பந்தைப் பெற்றவர் அதனைத் தரையில் தட்டிக்கொண்டு செல்லலாம். அன்றித் தம் அணியினர்க்கு வழங்கலாம். பந்தைத் தன் வயப்படுத்திய அணி 24 நொடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிதல் வேண்டும். களத்தில் எறிந்து வளையம் புகுத்தினால் இரண்டு புள்ளி, 6.75 மீட்டர்த் தொலைவில் வளைந்து செல்லும் கோட்டிற்கு அப்பாலிருந்து புகுத்தினால் மூன்று புள்ளி. எதிரணியார் முறைகேடாக மோதினும் தடுப்பினும் அது ‘ஃபவுல்’ என்னும் குற்றமாகும். ஐந்து முறை குற்றம் புரிந்தவர் களத்தை விட்டு நீங்கவேண்டும். எறிகின்றவரை அவ்வாறு தடுத்தால், தடுக்கப்பட்டவர்க்குத் தனி எறி வழங்கப்படும். வளையத்திற்கு நேரே வரைந்த கோட்டில் அவர் ஒருவராய் நின்று எறிவார், குறுக்கிடுவார் எவருமிலர். அவ்வெறி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

இனிப் போட்டியின் அமைப்பைக் காண்போம். கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் போட்டி படிப்படியாக உயரும் தன்மையது. ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரிகள் முதலில் தம்முள் ஆடும். அவ்வாட்டங்களில் சிறந்து விளங்குவோரைத் தேர்ந்தெடுத்துப் பல்கலைக்கழக அணி அமைக்கப்படும். இந்தியப் பல்கலைக்கழகங்கள் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தென்மண்டலத்தைச் சார்ந்தவை. மண்டலப் போட்டியில் முன்னணியில் நிற்பவை அனைத்திந்தியப் போட்டிக்குச் செல்லும்.

போட்டிகள் இருவகையாக நடைபெறும். ஒவ்வோர் அணியும் ஏனைய அணி ஒவ்வொன்றோடும் ஆடுவது ‘லீக்’ முறை. நான்கு அணிகள் அவ்வாறு ஆடினால் ஆறு ஆட்டங்கள் நிகழும். தோற்ற அணி அப்போதே விலகிவிடுவது ‘நாக் அவுட்’ முறை. மாணவர்களே, ஒரு சிறு கணக்கு! நாக் அவுட் முறையில் 16 அணிகள் போட்டியிட்டால் ஆட்டங்கள் எத்தனை? ஓர் ஆட்டத்தில் ஓர் அணி விலகும். இறுதியில் ஓர் அணி எஞ்சவேண்டுமாயின் 15 அணிகள் விலகவேண்டும். ஆகவே ஆட்டங்கள் 15. இக்கணக்கினுள் ஓர் உண்மையும் பொதிந்துள்ளது. பதினாறு அணிகளுள் தோல்வி காணாதது ஒன்றே. பதினைந்து அணிகள் தோற்றே வீடு திரும்பும். வெற்றி ஒன்றே போட்டியின் பயன் எனில், பதினைந்து அணிகளின் உழைப்பு வீண் என்றாகும். அஃது உண்மையா? இவ்வினாவுக்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்றை அமெரிக்க நாட்டு வரலாற்றில் கண்டேன்.

அந்நாட்டுக் கல்லூரிகள் வட்டாரங்களை ஒட்டிக் கூட்டுக்களாக இணைந்துள்ளன. அக்கூட்டினை அவர்கள் ‘கான்ஃபரன்ஸ்’ என்பர். ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் அளவில் ஒவ்வொரு கூட்டும் தன் உறுப்புக் கல்லூரிகளுக்குள் வாகைப் போட்டி நடத்தும் வழக்கம் இன்று உள்ளது. அதில் வென்ற அணிக்கு நாடு தழுவிய கல்லூரிப் போட்டியில் இடம் உறுதி. முன்னாளில் சில கூட்டுக்கள் தனியே வாகைப் போட்டி நடத்தாமல், அப்பருவம் முழுதும் ஆடி முதலிடம் பெற்ற அணியையே அனுப்பி வந்தன. நாடு தழுவிய அப்போட்டி 1939-ஆம் ஆண்டு தொடங்கியது.

மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் அந்நாட்டின் தென்பகுதியில் உள்ளது. அதன் அணி 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தன் கூட்டில் முதலிடம் பெற்றது. 1962-இல் அவ்விடத்தை வேறோர் அணியோடு பகிர்ந்துகொண்டது. எனினும் அம்மூன்று முறையும் அது நாடு தழுவிய போட்டிக்குச் செல்லவில்லை. ஏன்? அக்காலத்தில் அம்மாநிலத்தில் நிறவேற்றுமை கொடிதாய் இருந்தது. கறுப்பினத்தவர் இடம்பெற்ற அணியோடு வெள்ளையர் அணி ஆடலாகாது என்பது எழுதப்படாத கட்டளை. வென்றவர்க்குத் திறந்திருக்க வேண்டிய வாயிலைத் தம் மாநிலத்தாரே அடைத்தனர். அவ்விளைஞர் மும்முறை வென்றும் களம் புகாமலே வாளா இருந்தனர்.

1963-ஆம் ஆண்டு நான்காம் முறையாக அவ்வணி முதலிடம் எய்தியது. இம்முறை பல்கலைக்கழகத் தலைவராயிருந்த டீன் கோல்வர்டு, “அணி செல்லும்” என்று துணிந்து அறிவித்தார். மாநில ஆளுநர் எதிர்த்தார். அணி வெளியேறுவதைத் தடுக்க நீதிமன்றத்தில் தடையாணையும் பெறப்பட்டது. ஆணையைச் சேர்ப்பிக்க அலுவலர் வருமுன்னே பயிற்றுநர் பேப் மெக்கார்த்தி மாநில எல்லையைக் கடந்துவிட்டார். முதன்மை ஆட்டக்காரர்கள் மறுநாள் வானூர்தியில் புறப்பட்டனர். ஆடுவதற்காக மறைந்து செல்ல வேண்டியிருந்தது என்றால், அக்காலத்தின் கொடுமையை என்னென்பது!

மார்ச்சு 15-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் என்னும் ஊரில் ஆட்டம் நிகழ்ந்தது. எதிரணி சிகாகோ நகரத்து லயோலா பல்கலைக்கழகம். அவ்வணியில் தொடக்கத்தில் களமிறங்கிய ஐவருள் நால்வர் கறுப்பினத்தவர். அதன் தலைவர் ஜெரி ஹார்க்னஸ். மிசிசிப்பி அணியின் தலைவர் ஜோ டான் கோல்டு. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் நடுக்களத்திற்கு வந்து கைகுலுக்கினர். நிழற்படக் கருவிகளின் ஒளி அரங்கெங்கும் மின்னியது. ஆட்டத்தில் லயோலா 61 புள்ளியும் மிசிசிப்பி 51 புள்ளியும் பெற்றன. சில நாள்களில் லயோலா இறுதி ஆட்டத்திலும் சின்சினாட்டி அணியை 60க்கு 58 என்று, கூடுதல் நேரத்தில், வென்று வாகை சூடியது.

மிசிசிப்பி அணி தோற்றது. ஆயினும், வென்றும் வீட்டில் இருந்த மூன்று ஆண்டுகளை ஒருவரும் போற்றுவதில்லை. சென்று தோற்ற அந்த ஓராண்டையே உலகம் போற்றுகின்றது. 2011-ஆம் ஆண்டில் ஜோ டான் கோல்டு மறைந்தபோது, அவருடைய இறுதிச் சடங்கிற்கு ஹார்க்னஸ் சென்றிருந்தார். ஆங்கே பேழையின் அருகில் ஒரு நிழற்படம் வைக்கப்பட்டிருந்தது. அது யாது தெரியுமா? நடுக்களத்தில் இருவரும் கைகுலுக்கிய அப்படமே!

இதனைப் படித்து முடித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கோ ஒரு மாநிலத்தார் அடைத்த கதவைக் குறை கூறுகின்றேனே, வேங்கிக்காலில் ஒரு கதவை அடைத்தவன் யார்? நிறம் பற்றி அன்று. பெண் என்பது பற்றி அடைத்தேன். ‘வென்றாளே, போதும்’ என்ற என் சொல்லின் சிறுமை அப்பொழுதுதான் விளங்கியது. எதிர்நின்று ஆடுவாரைக் காணாத வெற்றி, முற்றுப்பெறாத வெற்றி.

ஆண்டுகள் மூன்று கழிந்தன. மாணவி கல்லூரியில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தாள். மீண்டும் ஒரு நாள் அவள் தந்தையார் என் வாயிலில் வந்து நின்றார். கல்லூரிகளுக்கிடையேயான போட்டி வெளியூரில் நடைபெறுகின்றது என்றும், மகள் அணியில் இடம் பெற்றிருக்கின்றாள் என்றும் கூறினார். “தாங்கள் சொல்வதே முடிவு” என்று முன்னர்க் கூறிய சொல்லையே திரும்பவும் கூறினார்.

“அன்று யான் கூறியது பிழை. நீர் என்னை நம்பினீர். யான் ஆராயாமல் உரைத்தேன். அவள் செல்லட்டும், நாம் இருவரும் உடன் சென்று காண்போம்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “நல்லது ஐயா” என்றார். வாசற்படியை விட்டு இறங்குகையில் அவர் முகம் மலர்ந்திருந்தது.

அவள் கல்லூரி மூன்று ஆட்டங்களை வென்று இறுதியாட்டத்தை எய்தியது. அதுகாறும் ஒரு கூடைப்பந்தாட்டத்தையும் முழுமையாகக் கண்டறியாத யான், மரப்பலகையின் நுனியில் அமர்ந்து ஆட்டத்தை நோக்கினேன். இரு அணிகளும் ஒத்த வலிமையுடையன. ஓரணி இரண்டு புள்ளி முந்தும். மற்றது உடனே எட்டிப் பிடிக்கும். ஐவரும் ஒரே உயிர்போல் இயங்கினர். தானே எறியும் வாய்ப்பிருந்தும், தன்னினும் நல்லிடத்தில் நின்ற தோழிக்குப் பந்தை வழங்கினாள் ஒருத்தி. பிறர்க்கு வழங்குதலும் வெற்றிக்கு வழியாதலை அங்கே கண்டேன்.

நான்காம் பகுதி முடிய நான்கு நொடிகளே எஞ்சின. எதிரணி 47, நம் மாணவியின் அணி 46. அப்போது அவள் பந்தோடு வளையத்தை நோக்கித் தாவினாள். எதிரணித் தலைவியின் கை அவள் தோளில் மோதியது. நடுவர் ஊதுகுழலை ஊதி இரண்டு தனி எறிகள் வழங்கினார். ஒன்று புகுந்தால் சமநிலை. இரண்டும் புகுந்தால் வாகை.

அரங்கம் அடங்கியது. அவள் கோட்டில் நின்றாள், பந்தை மும்முறை தரையில் தட்டினாள், எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பைத் தொட்டு வெளியே விழுந்தது. இரண்டாம் முறை எறிந்தாள். வளையத்தின்மேல் ஒரு முறை சுழன்று, உள்ளே விழுவதுபோல் தோன்றி, அதுவும் வெளியே வீழ்ந்தது. எதிரணித் தலைவி பாய்ந்து பந்தைப் பற்றினாள். ஆட்டம் முடிந்ததற்கு அறிகுறியாகச் சங்கு ஒலித்தது.

அவள் நின்ற இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அமர்ந்துவிட்டாள். வென்ற அணியார் துள்ளிக் குதித்தனர். ஆனால் அவர்களுடைய தலைவி குதிக்கவில்லை. நேரே வந்து குனிந்து, இவள் கைபற்றித் தூக்கி நிறுத்தினாள். செவியில் ஏதோ கூறினாள். இருவரும் கைகோத்தபடி களத்தின் ஓரத்திற்கு நடந்து வந்தனர். அக்காட்சியைக் கண்டபோது, 1963-ஆம் ஆண்டின் அந்நிழற்படமே என் கண்முன் உயிர்பெற்று நடப்பதாகத் தோன்றியது.

பேருந்தில் திரும்பும்போது, “அத்தலைவி உன்னிடம் என்ன கூறினாள், அம்மா?” என்று வினவினேன்.

“‘நான் உன்னை இடிக்காமல் விட்டிருந்தால் நீ நேரே புகுத்தியிருப்பாய், அதனால்தான் இடித்தேன். அடுத்த முறை நாம் ஒரே அணியில் ஆடுவோம்’ என்றாள், ஐயா” என்று விடை கூறினாள். பின்னர்ச் சற்றுப் பொறுத்து, “தோற்றுவிட்டோம், ஐயா. ஆனால் போகாமல் இருந்துவிட்ட அந்த ஆண்டைப்போல இது வலிக்கவில்லை” என்றாள்.

அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. சாளரத்தின் வழியே இருளை நோக்கிக்கொண்டிருந்தேன்.

அத்தலைவியின் வாக்குப் பலித்தது. பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுத்தபோது இருவர் பெயரும் இடம்பெற்றன. நேற்று எதிர்நின்றவர் இன்று ஒரே நிறச் சட்டை அணிந்து ஒரே அணியில் நிற்பதே இப்போட்டி முறையின் சிறப்பு. கல்லூரிப் போட்டி எதிராளியை உண்டாக்குகின்றது. பல்கலைக்கழக அணி அவ்வெதிராளியையே தோழியாக மாற்றுகின்றது.

தென்மண்டலப் போட்டிக்கு ஒரு திங்கள் இருந்தது. மாலைதோறும் வேங்கிக்கால் வெற்றிடத்தில் அவள் நூறு தனி எறிகள் எறிவாள். அவள் தந்தையார் கடையிலிருந்து திரும்பியதும், ஒரு கணக்கேட்டுடன் கல்லின்மேல் அமர்வார். புகுந்தவை ஒருபுறமும் புகாதவை ஒருபுறமுமாகக் கோடிட்டு எழுதுவார். முதல் வாரத்தில் நூற்றுக்கு அறுபதளவில் நின்ற எண்ணிக்கை, நான்காம் வாரத்தில் எண்பதைக் கடந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் கடைக்குக் கணக்கெழுதிய அப்பெரியவர், தம் மகளின் உழைப்புக்கு எழுதிய அக்கணக்கை மிக்க பெருமிதத்தோடு என்னிடம் காட்டினார். பந்து மோதும் ஓசை அதன்பின் எனக்கு இடையூறாகத் தோன்றவில்லை.

தென்மண்டலப் போட்டியில் அவள் அணி முதலாட்டத்தில் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் தோற்றது. அவ்வாட்டத்தில் அவளுக்கு நான்கு தனி எறிகள் கிடைத்தனவாம். நான்கும் வளையம் புகுந்தனவாம். எனினும் அணி தோற்றது. முயற்சி செய்தார் யாவரும் வெல்வர் என்று உங்களுக்கு யான் பொய் உரைக்க விரும்பவில்லை. முயன்றும் தோற்றல் உலகியற்கை. ஆயினும் இறுதியாட்டத்தில் நடுங்கிய கை, மண்டலப் போட்டியில் நடுங்கவில்லை. தோல்வியிலிருந்து அவள் ஈட்டிய பொருள் அது. அதனை எவ்வணியும் அவளிடமிருந்து வெல்ல இயலாது.

மாணவர்களே! நம் தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவர் இதே ஆட்டத்தில் எய்திய உயர்வையும் நீங்கள் அறிதல் வேண்டும். சென்னையில் 1985-ஆம் ஆண்டு பிறந்த அனிதா பால்துரை, தம் 19-ஆம் வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றார். ஆசிய வாகைப் போட்டிகளில் ஒன்பது முறை நாட்டிற்காக ஆடினார். மணம் புரிந்து மகவு ஈன்ற பின்னரும் களத்திற்கு மீண்டார். 2017-ஆம் ஆண்டு பெங்களூரில் ஆசியக் கோப்பைப் போட்டியின் இரண்டாம் பிரிவு நடைபெற்றது. அதன் இறுதியாட்டத்தில் இந்திய அணி கசக்குசுத்தான் அணியை 75க்கு 73 என்று வென்றது. அவ்வணியில் அவரும் ஆடினார். 2021-ஆம் ஆண்டில் நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. அவர் சிறுமியாயிருந்தபோது, என்னைப் போன்ற ஒருவன் ‘இது போதும்’ என்று வாயிலை அடைத்திருந்தால், நாடு எத்துணைப் பெருமையை இழந்திருக்கும்!

ஆகவே, பெரியோர்க்கு ஒரு சொல்: களத்தின் கதவை அடையாதீர். இளையோராகிய உங்களுக்கும் ஒரு சொல்: கதவு திறந்தால் தயங்காமல் புகுங்கள். வென்றால் வீழ்ந்தவர்க்குக் கைகொடுங்கள். தோற்றால் வென்றவர் கையைப் பற்றி எழுங்கள். எதிர்நிற்பவர் உங்கள் பகைவர் அல்லர். உங்கள் ஆற்றலின் அளவை உங்களுக்கே காட்டும் கண்ணாடி அவர்.

வேங்கிக்காலில் அந்த இரும்புக் கம்பம் இன்றும் நிற்கின்றது. அம்மாணவி இப்பொழுது உடற்பயிற்சிக் கல்வி பயில்கின்றாள். விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் சிறுமியர் சிலரைத் திரட்டி ஆட்டம் கற்பிக்கின்றாள். மாலை வெயில் மலைமேல் சாயும் நேரத்தில், யானும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு அங்கே சென்று அமர்கின்றேன். அவள் தந்தையாரின் கணக்கேடு இப்பொழுது என் கையில் இருக்கின்றது. சிறுமியர் எறியும் எறிகளுக்குக் கோடிடும் பணி எனக்கு வாய்த்துள்ளது.